கடற்கரைப் பழமொழிகளும் அவை உணர்த்தும் அறிவும்

முன்னுரை

பழமொழியை இயற்றினார் பெயரை எவரும் அறியார். அது தோன்றிய காலமும் அறிதற்கரிது. எனினும் ஒரு மக்கட்கூட்டம் தான் வாழ்ந்து கண்ட உண்மைகளைச் சில சொற்களில் அடக்கி வழிவழியாகக் காத்துவரும் கருவூலம் அதுவே என்பதில் ஐயமில்லை. இலக்கிய நூல்களுக்கு ஏட்டுச்சுவடிகள் உள, உரைகள் உள, பாடவேறுபாடு காட்டும் பதிப்புகள் உள. பழமொழிக்கோ மக்கள் வாயும் செவியுமே ஏடாகும். ஆதலின் அதன் பொருளைத் துணிந்துரைப்பார்க்குப் பொறுப்பு மிகுதி.

அண்மைக் காலத்தில் பழமொழிகளுக்கு ‘உண்மை வடிவம்’ காட்டும் முயற்சி பெருகியுள்ளது. “இன்று வழங்கும் வடிவம் மருவியது, முன்னோர் கூறியது வேறு” என்று தொடங்கி, ஓரெழுத்தை மாற்றியோ, ஒரு சொல்லுக்கு வேறு பொருள் கண்டோ, புதியதொரு கருத்தை மேடைகளிலும் இதழ்களிலும் கைப்பேசிச் செய்திகளிலும் பலர் உரைத்து வருகின்றனர். கேட்போர் வியந்து மகிழ்கின்றனர். வியப்பு வேறு, சான்று வேறு. இம்முறை ஆய்வுலகில் ஏற்கத்தக்கதா? ஏற்கத்தகாததெனின், பழமொழியின் பொருளைத் துணிதற்குரிய நெறிதான் யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். பரந்துபட்ட பொருளாதலின், நம் பல்கலைக்கழகத்திற்கு அணித்தாக வெள்ளாறு கடலொடு கலக்குமிடத்தில் அமைந்த பரங்கிப்பேட்டைக் கரையைக் கண்முன் நிறுத்தி, கடலும் கலமும் உப்பும் மீனும் பற்றிய பழமொழிகளை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். ஒப்புநோக்கற்குக் கடல் கடந்த சோமாலியரின் பழமொழிகள் சிலவும் துணையாகக் கொள்ளப்படும்.

1. முதுமொழியின் இலக்கணம்

தொல்காப்பியர் செய்யுளியலில் யாப்பின் வகைகளை எண்ணுமிடத்து முதுசொல்லையும் ஒன்றாக வைத்து எண்ணினார். பின்னர் முதுமொழிக்கு இலக்கணமும் வகுத்தார். அவர் கூறும் இயல்புகள் நுட்பம், சுருக்கம், விளக்கம், எளிமை என்பவற்றுள் அடங்கும். இவை சொல்லின் வடிவைப் பற்றியவை. இவற்றோடு அவர் நின்றாரல்லர். கருதிய பொருளை முடித்தற்கு வருவதும், அதற்கு ஏதுவாக நிற்பதும் முதுமொழிக்கு உரிய தொழில் என்றும் கூறினார்.

இப்பிற்பகுதி ஊன்றி நோக்கற்பாலது. முதுமொழி என்பது என்றும் எங்கும் மாறாத உண்மையைச் சொல்வது என்று ஆசிரியர் கூறவில்லை. ஒருவன் ஒரு செய்தியை நிலைநாட்ட முற்படுகிறான். அதற்கு ஒரு காரணம் வேண்டும். அக்காரணமாக ஊரார் அனைவரும் ஒப்பும் ஒரு மொழியை எடுத்து வைக்கிறான். அதுவே முதுமொழி. எனவே சொல்லுவான், கேட்பான், சொல்லும் சூழல் ஆகிய மூன்றும் கூடிய வழியே பழமொழி முழுமை பெறுகிறது. தனித்து நிற்கும் பழமொழி உறையிலிட்ட வாளைப் போன்றது.

பழமொழி பொய்த்தலும் உண்டு என்பதைப் பழந்தமிழர் அறிந்திருந்தனர். அகநானூற்றில் மாமூலனார் பாடிய பாட்டொன்றில், பிரிவால் வருந்தும் தலைவி தன் தோழியை நோக்கிப் பேசுகிறாள். இப்பிறப்பில் நன்மை செய்வார்க்குத் தீமை வாராது என்னும் பழமொழியை நினைவுகூர்ந்து, தொன்றுதொட்டு வந்த அம்மொழி இன்று பொய்யாயிற்றோ என்று வினவுகிறாள். ‘பழமொழி’ என்னும் சொல்லே அப்பாட்டில் ஆளப்பட்டுள்ளது. ஊரார் ஒப்பிய மொழியைத் தன் துயரத்தோடு உரசிப் பார்க்கும் உரிமை அவளுக்கு இருந்தது என்பது இதனாற் புலனாகும்.

முன்றுறை அரையனார் இயற்றிய பழமொழி நானூறு இவ்வாய்வுக்கு மற்றொரு பெருந்துணை. பாட்டுத்தோறும் ஒரு பழமொழியை வைத்துப் பாடிய அந்நூல் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய மொழிகளை நமக்குக் காத்துத் தந்துள்ளது. அவற்றுட் சில இன்றும் உயிரோடு உள்ளன. பாம்பின் கால் பாம்பறியும் என்று இன்று நாட்டுப்புறத்தார் கூறுவது அந்நூலிலும் உள்ளது. தவளை தன் வாயால் கெடும் என்னும் இக்கால வழக்கிற்கு மூலமும் அந்நூலில் உண்டு. ஆனால் அங்குத் தவளையைச் சுட்டும் சொல் ‘நுணல்’ என்பதாகும். இவ்வொரு சான்று நமக்கு ஒரு பேருண்மையை உணர்த்துகிறது. நெடுங்காலம் கடந்து வரும் பழமொழியில் வழக்கிறந்த சொல் நீங்கி வழக்கிலுள்ள சொல் வந்து புகுகிறது. ஆனால் உவமையும் கருத்தும் அவ்வாறே நிற்கின்றன. தோல் மாறுகிறது, எலும்பு மாறவில்லை. ஒலி சிறிது மாறியதால் கருத்து முழுவதும் தலைகீழாயிற்று என்று கூறுவார் இதனை மனத்திற்கொள்ளல் வேண்டும்.

2. பரங்கிப்பேட்டைக் கரை

பழமொழிக்குப் பிறப்பிடம் காட்டுதல் அரிது. ஆயினும் ஒரு பழமொழியின் உவமை எத்தகைய வாழ்க்கையிலிருந்து எழுந்தது என்பதை ஓரிடத்தின் வாழ்வோடு வைத்து விளங்கிக்கொள்ளலாம். அவ்வகையில் பரங்கிப்பேட்டை நல்லதோர் ஆய்வுக்களம்.

இவ்வூர்ப் பெயர்களே இதன் வரலாற்றைக் கூறுவன. போர்ச்சுக்கீசியர் இதனைப் ‘போர்ட்டோ நோவோ’ என்றனர். புதிய துறைமுகம் என்பது அதன் பொருள். ஐரோப்பியரைப் ‘பரங்கியர்’ என்னும் வழக்கால் தமிழில் பரங்கிப்பேட்டையாயிற்று. இசுலாமியர் வழக்கில் மகமூது பந்தர் என்ற பெயரும் உண்டு. பந்தர் என்பது துறைமுகத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். போர்ச்சுக்கீசியரை அடுத்து ஒல்லாந்தரும் தேனியரும் ஆங்கிலேயரும் இங்கு வணிகம் நடத்தினர். 1781 சூலை முதல் நாளில் ஐதர் அலியின் படைக்கும் அயர் கூட்டின் படைக்கும் இவ்வூரையடுத்துப் பெரும்போர் நிகழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரும்பாலை ஒன்றும் இங்கு இயங்கியது. இன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் இவ்வூரில் உள்ளது. கப்பலோட்டி வாணிகம் செய்த மரைக்காயர் மரபும், கட்டுமரமும் வலையும் கொண்டு வாழ்ந்த மீனவர் மரபும், உப்பங்கழியும், அருகே பிச்சாவரத்தின் அலையாத்திக் காடும் சேர்ந்தமைந்த இக்கரையில் நின்று நோக்கும்போது கடல்சார் பழமொழிகளின் உவமைகள் தெளிவு பெறுகின்றன.

‘நண்டு கொழுத்தால் வளையில் இராது’ என்பதை எடுத்துக்கொள்வோம். செல்வச் செருக்கால் அடங்காது திரிவானைக் குறித்து இதனைக் கூறுவர். கழியோரச் சேற்றில் நண்டு வளையை உற்றுநோக்கியவனுக்கே இவ்வுவமை தோன்றியிருக்கும். வளையுள் இருக்கும் வரை நண்டுக்குப் பாதுகாப்பு உண்டு; வெளியே வந்தபின் பறவைக்கும் மனிதனுக்கும் அது இரையாகும். எனவே இப்பழமொழி செருக்கைப் பழிப்பதோடு, செருக்கின் பின் வரும் கேட்டையும் குறிப்பால் உணர்த்துகிறது. வளையின் இயல்பை அறியாதார்க்கு முற்பகுதி மட்டுமே விளங்கும், பிற்பகுதி மறைந்துவிடும்.

‘உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது, மாவு விற்கப் போனால் காற்று அடிக்கிறது’ என்பது ஊழால் நலிந்தவன் கூற்று. உப்பு வண்டி பெருமழையில் அகப்பட்டு அழிதலைக் குறுந்தொகைப் பாட்டொன்றும் உவமையாக ஆண்டுள்ளது. உமணர் காலத்து அச்சம் இன்றும் உப்பள மக்களின் அச்சமாகவே உள்ளது. இலக்கிய உவமையும் பழமொழியும் ஒரே வாழ்வினின்று தனித்தனியே முளைத்தன எனலாம்; ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என்று கொள்ளவேண்டுவதில்லை.

‘ஓடம் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டி ஒருநாள் ஓடத்தில் ஏறும்’ என்பதும் இத்தகையதே. பாலம் இல்லாத ஆற்றில் வண்டியைப் படகிலேற்றிக் கடத்துவர். உள்நாட்டில் மரம் அறுத்துச் செய்த படகையும், பழுதுபார்க்கும் படகையும் வண்டியிலேற்றிக் கொணர்வர். ஆற்றுத்துறையில் இவ்விரண்டும் அன்றாடக் காட்சிகள். இதனை வாழ்வு தாழ்வுகளின் சுழற்சிக்கு உவமையாக்கினர். ‘இன்று தாங்குவோன் நாளை தாங்கப்படுவான்’ என்னும் ஒப்புரவுக் கருத்தும் இதனுள் உண்டு. பாலங்கள் பெருகிய பின் பிறந்தார்க்கு முதற் கருத்து எட்டும். இரண்டாவது கருத்து எட்டுவது அரிது.

3. ‘கப்பல் கவிழ்ந்தாலும்…’

கடல்சார் பழமொழிகளுள் மிகப் பரவியது ‘கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே’ என்பது. பேரிழப்பு நேரினும் மனந்தளர்ந்து செயலற்று இருத்தல் ஆகாது என்பதே வழிவழியாக வரும் பொருள். இதற்குப் புதுப்பொருள் கூறுவார் உளர். கன்னம் என்பது திருடர் சுவரில் இடும் துளையையும் அதற்குரிய கருவியையும் குறிக்கும். ஆகவே ‘பொருள் முழுவதும் இழந்தாலும் களவில் கை வைக்காதே’ என்பதே முன்னோர் கருத்து என்பது அவர்தம் கொள்கை. கேட்பதற்கு இனிய அறிவுரைதான். ஆயினும் இது நிற்குமா என்பதை நான்கு வகையால் ஆராய்வோம்.

முதலாவது மொழிமரபு. கன்னம் என்பதற்குக் களவுத்துளை என்னும் பொருள் உண்மையே. ஆனால் அப்பொருளில் வழங்கும் தொடர் ‘கன்னம் வைத்தல்’, ‘கன்னமிடுதல்’ என்பன. கன்னம் ஈண்டு வைக்கப்படும் பொருள்; அது கை வைக்கும் இடமன்று. ‘கன்னத்தில் கை வைத்தல்’ என்னும் தொடரில் கையே வைக்கப்படுவது. கன்னம் இடமாக நிற்கிறது. களவையே கருதியிருப்பின் ‘கப்பல் கவிழ்ந்தாலும் கன்னம் வைக்காதே’ என்றே வந்திருக்கும். அது இன்னும் சுருங்கிய வடிவாகவும் இருக்கும். ‘கை’ என்னும் சொல் வந்து நிற்பதே புதுப்பொருளை மறுக்கப் போதிய சான்று.

இரண்டாவது வழக்கு. கன்னத்தில் கை வைத்து அமர்தல் துயரத்தின் அடையாளமாகத் தமிழகத்தில் இன்றும் கருதப்படுகிறது. சிறுவர் அவ்வாறு அமர்ந்தால் முதியோர் கடிந்து கையை எடுக்கச் சொல்வர். இவ்வழக்கை விளக்க வேறு பொருள் வேண்டுவதில்லை.

மூன்றாவது இலக்கியம். துயரையும் கவலையையும் கையின் நிலையால் காட்டுதல் பழைய புலவர்க்கும் உடன்பாடு. முல்லைப்பாட்டில் பாசறையில் உறக்கமின்றி இருக்கும் அரசனை, ஒரு கையைப் படுக்கையில் ஊன்றி, மற்றொரு கையை முடியொடு சேர்த்துச் சிந்தித்திருப்பவனாக நப்பூதனார் காட்டுகிறார். கன்னம் என்ற சொல் அங்கு இல்லையெனினும், கையின் நிலை மனத்தின் நிலையைக் காட்டும் மரபு அங்கு உண்டு. கப்பல் கவிழ்ந்த செய்திக்கோ மணிமேகலையின் ஆதிரை கதை சிறந்த சான்று. கணவன் சாதுவன் சென்ற கலம் உடைந்தது. அவன் இறந்தான் என்று பிழைத்து வந்தோர் கூறினர். ஆதிரை தீயை மூட்டி உயிர்விடத் துணிந்தாள். தீ அவளைச் சுடவில்லை. சாதுவன் உயிரோடுள்ளான் என்னும் செய்தியே அவளுக்குக் கிட்டியது. பின்னர் அவன் வேறொரு வணிகன் கலத்தில் மீண்டான். கலம் உடைந்தது என்னும் செய்தி முடிந்த முடிபன்று என்பதைக் கடற்கரை மக்கள் எத்துணை ஆழமாக உணர்ந்திருந்தனர் என்பதற்கு இக்கதை போதும்.

நான்காவது வாழ்வியற் சூழல். இது கட்டுரையாளர் உய்த்துணர்ந்து கூறுவது. கடல் வாணிகம் கடனும் நம்பிக்கையும் பற்றி நடப்பது. கலம் சென்று திரும்பத் திங்கள் பலவாகும். கலம் கவிழ்ந்த செய்தி கேட்ட வணிகன் கன்னத்தில் கை வைத்துத் திண்ணையில் அமர்வானாயின், கவிழ்ந்தது கலம் மட்டுமன்று. அவன்மீது பிறர் வைத்த நம்பிக்கையும் கவிழும். கடன் கொடுத்தோர் அன்றே வாயிலில் நிற்பர். நிமிர்ந்து நிற்பானாயின் மறுகலம் செலுத்த அவனுக்கு வழியுண்டு. இவ்வாறு நோக்கின் இப்பழமொழி ஆறுதல் மொழி மட்டுமன்று. துறைமுக வாழ்வில் பயன்பட்டிருக்கக்கூடிய வாணிக அறிவுரையுமாகும். எழுத்தை மாற்றிப் பெறும் புதுப்பொருளைக் காட்டிலும் இயல்பான வடிவத்தின் ஆழம் மிகுதி என்பது தெளிவு.

இந்நெறியால் ‘மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே’ என்பதையும் நோக்கலாம். மண்ணாற் செய்த குதிரையை யார் நம்புவர் என வினவி, ‘மண்குதிர்’ என்பதே சரியான வடிவம், அது ஆற்றிடை மணல்மேட்டைக் குறிக்கும் என்பர். குதிர் என்பதற்குத் தானியம் சேர்த்துவைக்கும் கூடு என்பதே பெருவழக்கான பொருள். மேலும், ஐயனார் கோயில் முன்றிலில் குயவர் செய்து நிறுத்திய மண்குதிரைகளை நம் மாவட்டத்திலேயே காணலாம். உருவில் உயர்ந்து, கண் விழித்து, பாய்வதுபோல் நிற்கும் அக்குதிரை ஏறிச் செல்ல உதவாதது. தோற்றத்தை நம்பி ஆற்றைக் கடக்க முயல்வானின் அறியாமையை நகுவதே இப்பழமொழி. நம்பத்தகாததை நம்புதலே நகைக்கு இடம். ‘யார் நம்புவர்’ என்று வினவுவார் பழமொழியின் நகைச்சுவையையே குறையாகக் கொண்டனர். ‘கடல் வற்றிக் கருவாடு தின்னலாம் என்று உடல் வற்றிச் செத்ததாம் கொக்கு’ என்பதற்கும் இவ்வாறு திருத்தம் தேடுவரோ? எக்கொக்கும் கடல் வற்றக் காத்திருப்பதில்லை. காத்திருப்பதாகப் புனைந்தமையாலன்றோ அது பழமொழியாயிற்று!

4. முரண்படும் மொழிகள்

பழமொழிகள் தம்முள் முரண்படுவன என்பது மற்றொரு குற்றச்சாட்டு. ‘அலை ஓய்ந்து கடலாடலாமா?’ என்று ஒரு மொழி விரைவுபடுத்துகிறது. ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்று மற்றொன்று தடுக்கிறது. இரண்டும் நீரில் இறங்குவது பற்றியவையே. எதனைக் கொள்வது?

இங்குத்தான் தொல்காப்பியர் வகுத்த இலக்கணத்தின் நுட்பம் விளங்குகிறது. பழமொழி கருதிய பொருளை முடித்தற்கு வருவது. தடைகள் யாவும் நீங்கிய பின் செய்வேன் என்று நாள் கடத்துவானுக்கு முன்னது மருந்து. ஆராயாது பாய்வானுக்குப் பின்னது மருந்து. உவமைகளை உற்றுநோக்கினும் முரண்பாடு இல்லை. அலை கண்ணுக்குத் தெரிவது, என்றும் ஓயாதது, அதன் பொருட்டுக் காத்திருத்தல் வீண். ஆழம் கண்ணுக்குத் தெரியாதது; ஆனால் கோலிட்டு அளந்தறியக்கூடியது; அதன் பொருட்டுக் காத்திருத்தல் பயனுடைத்து. மாறாத தடைக்குக் காத்திராதே, அறியக்கூடிய இடரை அறிந்து இறங்கு என்னும் முழுமையான கொள்கை இவ்விரண்டையும் இணைத்து நோக்கும்போது கிடைக்கிறது. மக்கள் அறிவு தனிப்பழமொழியில் இல்லை. தக்க இடத்தில் தக்க மொழியைத் தேர்ந்தெடுக்கும் ஆற்றலில் உள்ளது.

5. மாலுமியும் சுக்கானும்

‘மாலுமி இல்லாத மரக்கலம் ஓடாது’ என்னும் மொழி வேறொரு வகையிற் பயன் தருவது. மரக்கலம் தமிழ்ச்சொல். மாலுமி என்பது அரபு மொழியில் ‘முஅல்லிம்’ என வழங்கும் சொல்லின் திரிபு; கற்பிப்போன் என்பது அதன் அடிப்படைப் பொருள். கடலோடிகளிடையே வழியறிந்து கலம் செலுத்துவோனை அது குறித்தது. அரபுக்கடலின் மேற்குக் கரையிலுள்ள சோமாலியர் அதே சொல்லை ‘மஅல்லின்’ என ஆசிரியனைக் குறிக்க வழங்குகின்றனர். ஒரு கரையில் கலம் செலுத்துவோன். மறுகரையில் பள்ளி நடத்துவோன். கலத்தைத் திருப்பும் சுக்கானும் அரபுவழி வந்த சொல்லே; சோமாலியர் அதனைச் ‘சுகான்’ என ஊர்தியின் திசைதிருப்பிக்கும் வழங்குவர்.

இவ்வொற்றுமை வியப்பிற்குரியதன்று. கி.பி. முதல் நூற்றாண்டினதாகக் கருதப்படும் செங்கடற் பயண நூல் என்னும் கிரேக்கக் குறிப்பு, நறுமணப் பொருள் விளையும் சோமாலியக் கரைத் துறைகளையும், நம் கீழைக் கரையிலுள்ள கமரா, பொதுகே, சோபட்மா என்னும் துறைகளையும் ஒருசேரக் கூறுகிறது. பொதுகே என்பது புதுவையை அடுத்த அரிக்கமேட்டுப் பகுதி என்பர் அறிஞர். பெருங்கடல் இவ்விரு கரைகளையும் ஒரே வாணிக வலையில் சேர்த்திருந்தது. ஆயினும் சொற்கள் கலந்தமையால் பழமொழிகளும் கலந்தன என்று துணிதல் கூடாது. ஒப்புமை வேறு, கொடை கொள்வினை வேறு.

6. சோமாலியர் பழமொழிகள்

சோமாலியர் பழமொழியை ‘மாஹ்மாஹ்’ என்பர். அவர்தம் மொழிக்கு உஸ்மானியா முதலிய எழுத்து முயற்சிகள் இருந்தன. எனினும் அரசு ஏற்ற எழுத்தாக உரோமன் வரிவடிவம் 1972-இல்தான் அமைந்தது. அதற்கு முன் நெடுங்காலம் பாட்டும் வழக்குரையும் அறமும் பெரிதும் வாய்வழியாகவே காக்கப்பட்டன. ‘ஹேர்’ எனப்படும் மரபுச் சட்டப்படி முதியோர் கூடி வழக்கு ஆராயும்போது பழமொழியை எடுத்துரைத்து வாதிடுதல் அவர் மரபு. நம் மீனவ ஊர்களின் பஞ்சாயத்தில் முதியோர் பழமொழியால் வழக்கை முடிப்பதும் ஈண்டு ஒப்பிடத்தக்கது. முதுமொழி ஏதுவாய் நிற்பது என்னும் தொல்காப்பிய இலக்கணம் கடல் கடந்தும் பொருந்துதல் காண்க.

ஒலியழகிலும் ஒற்றுமை உண்டு. சோமாலியர் பாட்டிற்கு மோனை இன்றியமையாதது என்பதை அந்திரெயெவ்ஸ்கியும் லூயிசும் 1964-இல் வெளியிட்ட சோமாலியக் கவிதை பற்றிய நூல் விளக்குகிறது. பழமொழியிலும் அதனைக் காணலாம். ‘ஒற்றை விரல் முகம் கழுவாது’ என்பது அவர் மொழி. விரலுக்கும் முகத்திற்கும் உரிய சொற்கள் ‘ஃபர்’, ‘ஃபோல்’ என ஓரொலியில் தொடங்குகின்றன. ‘நோயுற்றவனுக்கு நூறு பேர் அறிவுரை கூறுவர்’ என்பது மற்றொன்று. அதன்கண் நோயுறலையும் நூற்றையும் குறிக்கும் சொற்கள் ‘புக’, ‘பொகொல்’ என்பன. தமிழாக்கத்திலும் மோனை தானே வந்தமைதல் காண்க. நினைவிற் பதிய வேண்டிய மொழிக்கு ஒலியே ஆணி என்பதை இரு மக்களும் அறிந்திருந்தனர்.

கருத்திலும் நெருக்கம் உண்டு. ‘பற்கள் கூடினால்தான் கடிக்கும்’ என அவர் ஒற்றுமையை உரைப்பர். ‘மலையாக இரு, இன்றேல் மலையிற் சாய்ந்திரு’ என்பர். ‘நிலம் சுற்றாதவனுக்குக் கண் இல்லை’ என்பர்; கடல் கடந்தும் பொருள் தேடுக என்னும் கொன்றைவேந்தன் கருத்தோடு இது உறவுடையது. ஆயினும் வேறுபாடே நமக்குப் பெரிதும் பயன் தருவது. கொன்றைவேந்தன் பயணத்தின் பயனாகப் பொருளைக் காட்டுகிறது. சோமாலியர் மொழி அறிவைக் காட்டுகிறது. ‘அமைதியும் பாலும், போரும் வறட்சியும்’ என்பது சோமாலியரின் புகழ்பெற்ற மொழிகளுள் ஒன்று. வினைச்சொல் ஒன்றும் இல்லாமல் நான்கு பெயர்களை இணை இணையாக நிறுத்தி, அமைதியிருப்பின் கால்நடை பெருகும், போர் வரின் வறட்சியின் கேடும் உடன் வரும் என்று உணர்த்துகிறது. நீண்ட கடற்கரை உடையவராயினும் சோமாலியருட் பெரும்பாலோர் ஒட்டகமும் ஆடும் மேய்த்து வாழ்ந்தோர். ஆதலின் அவர் மொழிகளிற் பாலும் கிணறும் வறட்சியும் உவமையாகின்றன. நம் கரையில் இழப்பு என்றால் கப்பல் கவிழ்தல். அவர் நிலத்தில் இழப்பு என்றால் பால் வற்றுதல். மேய்ச்சல் நிலத்தை அறியாதவன் அவர் மொழியைத் திருத்தப் புகுவானாயின் எத்துணைத் தவறு நேருமோ, துறைமுக வாழ்வை அறியாது நம் மொழியைத் திருத்துவார்க்கும் அத்துணைத் தவறு நேரும்.

7. செய்யத்தக்கது

பழமொழித் தொகுப்பிற் பெரும்பணி செய்தோர் நன்றிக்குரியர். பெர்சிவல் 1874-இல் ஆறாயிரத்திற்கு மேற்பட்டவற்றை ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டார். லாசரஸ் 1894-இல் பழமொழி அகராதி ஒன்றைத் தந்தார். தேனிய மறைத்தொண்டர் ஜென்சன் 1897-இல் பொருள்வாரியாக வகைப்படுத்தி வெளியிட்டார். கி.வா. ஜகந்நாதன் நான்கு தொகுதிகளாகத் தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டினார். வடிவத்தைப் பற்றி ஐயம் எழுமிடத்து இத்தொகுப்புகளைக் கால முறைப்படி ஒப்பிட்டு நோக்குதல் முதற்கடமை. ‘உண்மை வடிவம்’ எனப்படுவது இவற்றுள் எதிலும் இல்லையெனின், அதனைக் காட்டுவோரே சான்று தரக் கடமைப்பட்டவர்.

எனினும் தொகுப்புகள் பெரும்பாலும் மொழியைத் தந்தனவேயன்றிச் சூழலைத் தரவில்லை. யார், யாரிடம், எப்பொழுது, எதனை முடித்தற்குக் கூறினர் என்னும் செய்தி இல்லாவழித் தொல்காப்பியர் கூறிய இலக்கணத்திற் பாதியே பதிவாகிறது. பாய்மரம் போய் எந்திரப் படகு வந்துவிட்டது. கட்டுமரம் இருந்த இடத்தில் கண்ணாடியிழைப் படகு நிற்கிறது. 2004 திசம்பர் 26-இல் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையில் உயிர்களையும் குடியிருப்புகளையும் கொண்டு சென்றது; அதன்பின் இடம் பெயர்ந்த குடும்பங்களும் உண்டு. கருவியும் தொழிலும் மாறும்போது அவற்றைப் பற்றிய சொற்கள் முதலில் மறையும். பின்னர்ப் பழமொழி பொருளற்ற ஒலியாக நிற்கும். அந்நிலையிலேதான் ‘திருத்தம்’ வந்து புகும். பாய்மரக் காலத்தை நேரிற் கண்ட முதியோர் இன்னும் சிலரே உளர். அவர்பாற் சென்று, பழமொழியோடு அதன் சூழலையும், அதன்கண் வரும் கருவியின் அமைப்பையும் செயலையும் ஒருங்கே பதிவு செய்தல் பரங்கிப்பேட்டைக்கு அருகிலுள்ள தமிழ் மாணவர்க்குக் கிட்டிய அரிய வாய்ப்பும் கடமையுமாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன இவை. பழமொழி நெடுங்காலம் வழங்கும்போது சொல் மாறினும் உவமையும் கருத்தும் எளிதில் மாறுவதில்லை. எனவே வழங்கும் வடிவத்தை விடுத்துப் புதுவடிவம் காணப் புகுமுன் மொழிமரபு, வழக்கு, இலக்கியம், வாழ்வியல் என்னும் நான்கு உரைகற்களில் அதனை உரசிப் பார்த்தல் வேண்டும். முரண்பாடாகத் தோன்றுவன சூழல் நோக்கி ஆராயப்படின் ஒன்றையொன்று நிரப்புவனவாகும். பிறநாட்டு மொழிகளோடு ஒப்பிடுங்கால் ஒற்றுமையை வியப்பதோடு அமையாது, வேறுபாடு எந்நிலத்து எவ்வாழ்வினின்று எழுந்தது என ஆராய்தல் வேண்டும்.

பழமொழிக்கு மெருகூட்ட முயல்வார் நல்லெண்ணத்தையே உடையர். ஆயினும் முன்னோர் வாயில் நாம் விரும்பும் அறிவுரையை வைத்துக் கேட்பது, முன்னோர் கூறியதைக் கேட்பது ஆகாது. அவர் கூறியது பல இடங்களில் நம் திருத்தத்தினும் நுண்ணியது. அதனைக் கேட்டு எழுதிவைக்கும் பணி காலந்தாழ்த்தற்குரியதன்று. அலை ஓயும் வரை இதற்குக் காத்திருத்தலும் இயலாது.